தலைக்கணக்கும் மரபணுப் பன்முகத்தன்மையும்: காட்டுக் குரங்கினங்களில் கடுவன்களின் இடப்பெயர்வும் சிங்கவால் குரங்கின் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு குரங்கினம் காட்டில் நிலைத்து வாழுமா என்பதை அதன் தலைக்கணக்கைக் கொண்டே முடிவு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆயினும் தலைக்கணக்கு உயர்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே அவ்வினத்தின் மரபணுப் பன்முகத்தன்மை குறைந்துகொண்டிருக்கக்கூடும். ஒரு தலைமுறையில் எத்தனை கடுவன்கள் தந்தையாகின்றன, அவற்றுள் எத்தனை வெளிக்கூட்டங்களிலிருந்து வந்தவை என்னும் இரண்டு வினாக்களே பன்முகத்தன்மையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இக்கருத்தை இனத்தொகை மரபியலின் எளிய கணக்குகள் கொண்டும், காயோ சாண்டியாகோ, ஜிப்ரால்டர், பிரேசில் ஆகிய இடங்களின் பட்டறிவு கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின் ஒளியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு எதிர்கொள்ளும் சிக்கலையும் அதற்குரிய பாதுகாப்பு வழிமுறைகளையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரபணுப் பன்முகத்தன்மை, செயலுறு இனத்தொகை, மரபியல் நகர்வு, மரபணு ஓட்டம், சிங்கவால் குரங்கு, பாலக்காட்டுக் கணவாய், வால்பாறை.

முன்னுரை

தமிழ் மரபு குரங்கினத்தில் ஆணையும் பெண்ணையும் தனிப்பெயரிட்டு வழங்கியுள்ளது. ஆண் குரங்கு கடுவன் எனவும் பெண் குரங்கு மந்தி எனவும் பெயர் பெறும். குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பியத்தின் மரபியல் வரையறுக்கிறது. இப்பெயர்ப் பாகுபாடு இன்றைய மரபியல் ஆய்வுக்கும் பொருத்தமானதாக அமைகிறது. பல குரங்கினங்களில் மந்தி பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் தங்குகிறது. கடுவன் பருவமெய்தியதும் கூட்டத்தை விட்டு வெளியேறுகிறது. ஓரினத்தின் மரபணுக்கள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் சென்று சேர்வது இவ்வெளியேற்றத்தின் வழியாகவே.

காடுகள் துண்டாடப்படும்போது முதலில் அறுபடுவது இவ்வழியே ஆகும். துண்டுக்காட்டில் எஞ்சிய கூட்டம் உணவு பெற்று, குட்டி ஈன்று, எண்ணிக்கையிலும் பெருகலாம். கணக்கெடுப்போர் பார்வையில் அஃது ஒரு வெற்றியாகவே தோன்றும். ஆனால் வெளியிலிருந்து ஒரு கடுவனும் வந்து சேராத நிலையில் அக்கூட்டத்தின் மரபுச்செல்வம் தலைமுறைதோறும் கரைந்துகொண்டிருக்கும். இக்கரைவு கண்ணுக்குப் புலப்படாதது. காலந்தாழ்த்தி விளைவைக் காட்டுவது. ஆகவே அதனை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய தேவை எழுகிறது. இக்கட்டுரையில் கடுவன், மந்தி ஆகிய சொற்கள் முறையே ஆண், பெண் குரங்குகளை மட்டும் குறிக்க ஆளப்படுகின்றன.

1. மரபணுப் பன்முகத்தன்மையும் அதனை அளவிடும் முறையும்

ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள் அல்லீல்கள் எனப்படும். ஒவ்வொரு குரங்கும் ஒரு மரபணு இடத்தில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு அல்லீல்களைப் பெறுகிறது. ஓர் இனத்தொகையில் எத்தனை வகை அல்லீல்கள் உள்ளன என்பது பன்முகத்தன்மையின் ஓர் அளவு. ஓர் உயிரி வேறுபட்ட இரண்டு அல்லீல்களைக் கொண்டிருப்பதைக் கலப்பு நிலை எனலாம். அந்நிலை அவ்வினத்தொகையில் எந்த விகிதத்தில் காணப்படுகிறது என்பது மற்றோர் அளவு. எண்ணிக்கை திடீரெனச் சரியும்போது அரிய அல்லீல்கள் முதலில் மறைகின்றன. கலப்பு நிலை மெதுவாகவே குறைகிறது. ஆதலால் கலப்பு நிலையை மட்டும் அளந்துவிட்டு இழப்பு ஏதுமில்லை எனக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

பன்முகத்தன்மை ஏன் தேவை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, தீங்கு விளைவிக்கும் ஒடுங்கு அல்லீல்கள் எல்லா இனங்களிலும் மறைந்து கிடக்கின்றன. நெருங்கிய உறவுகளுக்கிடையே இனச்சேர்க்கை நிகழும்போது அவை இணைந்து வெளிப்பட்டு, குட்டிகளின் இறப்பு மிகுதல், கருவளம் குறைதல் முதலிய விளைவுகளைத் தருகின்றன. இஃது உட்கலப்புத் தளர்வு எனப்படும். இரண்டாவது, நோயெதிர்ப்புக்கு அடிப்படையான மரபணுத் தொகுதிகளில் பலவகை அல்லீல்கள் இருந்தால்தான் புதியதொரு நோய் பரவும்போது சில உயிரிகளேனும் அதனைத் தாங்கி எஞ்சும் வாய்ப்பு மிகுதியாகும்.

முன்னர்க் குரங்குகளைப் பிடித்துக் குருதி எடுத்தே இவ்வாய்வுகள் நடைபெற்றன. இன்று சாணத்திலிருந்தே டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் உயிரணுக்கள் சாணத்தோடு வெளியேறுகின்றன. அதனைப் புதியதாக இருக்கும்போதே சேகரித்து, எத்தனால் முதலிய காப்புப் பொருள்களில் இட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றால் குரங்கைத் தொடாமலேயே அதன் மரபுத் தகவலைப் பெற இயலும். இம்முறையில் டி.என்.ஏ. சிதைந்தும் குறைந்த அளவிலும் கிடைப்பதால் இரண்டு அல்லீல்களுள் ஒன்று ஆய்வில் தவறிப்போவதுண்டு. எனவே ஒரே மாதிரியைப் பலமுறை பெருக்கிச் சோதிப்பது இன்றியமையாதது.

ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் டி.என்.ஏ. பகுதியும் முடிவைப் பாதிக்கும். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே இறங்குவது. ஆதலால் அது மந்திகளின் வரலாற்றைக் கூறும். உட்கருவிலுள்ள நுண்தொடர்கள் தாய், தந்தை இருவழியாகவும் இறங்குவன. கடுவன்களின் இடப்பெயர்வை அறிய இவையே துணைசெய்யும். ஒன்றை மட்டும் கொண்டு இனத்தின் முழு வரலாற்றையும் எழுதிவிட இயலாது.

2. தலைக்கணக்கும் செயலுறு இனத்தொகையும்

ஓர் இனத்தொகையில் உள்ள அனைத்து உயிரிகளும் அடுத்த தலைமுறைக்கு மரபணுக்களை வழங்குவதில்லை. குட்டிகளும் முதியவையும் இனப்பெருக்கத்தில் பங்குகொள்வதில்லை. வளர்ந்த கடுவன்களிலும் சிலவே தந்தையாகின்றன. மரபணு இழப்பின் வேகத்தைக் கணிக்க உதவும் எண்ணிக்கையைச் செயலுறு இனத்தொகை என வழங்கலாம். இக்கருத்தை வகுத்தளித்தவர் அமெரிக்க மரபியலறிஞர் சீவல் ரைட். இனம்பெருக்கும் கடுவன்களின் எண்ணிக்கையையும் மந்திகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் செயலுறு இனத்தொகை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு துண்டுக்காட்டில் இனம்பெருக்கும் கடுவன்கள் 3, மந்திகள் 15 எனக் கொண்டால் 4 × 3 × 15 ÷ 18 = 10 ஆகும். குட்டிகளையும் இளையவற்றையும் சேர்த்து அங்கு 40 குரங்குகள் இருப்பினும் மரபணு இழப்பின் நோக்கில் அவை பத்துக்குச் சமமே. பின்னர் உணவு பெருகி மந்திகள் 15இலிருந்து 45ஆக உயர்வதாகவும், இனம்பெருக்கும் கடுவன்கள் மூன்றாகவே இருப்பதாகவும் கொள்ளலாம். தலைக்கணக்கு ஏறத்தாழ மும்மடங்காகும். செயலுறு இனத்தொகையோ 4 × 3 × 45 ÷ 48 = 11.25 மட்டுமே. கடுவன்கள் மூன்று எனில் மந்திகள் எத்தனை பெருகினாலும் செயலுறு இனத்தொகை 12ஐத் தாண்டாது. மாறாக, மந்திகள் 15ஆகவே இருந்து கடுவன்கள் மட்டும் ஆறாக உயர்ந்தால் அது 17ஐக் கடக்கிறது. மூன்று கடுவன்களின் வரவு முப்பது மந்திகளின் பெருக்கத்தைவிட மிகுதியான பயனைத் தருகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கலப்பு நிலை ஒவ்வொரு தலைமுறையிலும் செயலுறு இனத்தொகையின் இருமடங்கில் ஒரு பங்கு என்னும் அளவில் குறைகிறது. செயலுறு இனத்தொகை பத்து எனில் இழப்பு தலைமுறைக்கு 5 விழுக்காடு. பத்துத் தலைமுறைகளுக்குப் பின் தொடக்கத்தில் இருந்த கலப்பு நிலையில் ஏறத்தாழ 60 விழுக்காடே எஞ்சும். மேற்காட்டிய கணக்கில் மந்திகள் மும்மடங்கான நிலையில் 63 விழுக்காடும், கடுவன்கள் இருமடங்கான நிலையில் 74 விழுக்காடும் எஞ்சும். செயலுறு இனத்தொகை 50 எனில் 90 விழுக்காடு காக்கப்படும். எவ்வகைத் தேர்வுமின்றித் தற்செயலாக நிகழும் இம்மாற்றமே மரபியல் நகர்வு எனப்படுகிறது.

இக்கணக்கு ஓர் எளிமைப்படுத்தல் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. உண்மையில் ஒரு தலைமுறைக் காலத்தில் கூட்டத்தின் தலைமைக் கடுவன் பலமுறை மாறக்கூடும். அப்போது தந்தையாகும் கடுவன்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் மாறிவரும் கடுவன்கள் அனைத்தும் அதே துண்டுக்காட்டில் பிறந்த உறவுகளாயின் அப்பயன் நீடிக்காது.

3. மந்தி தங்குதலும் கடுவன் பெயர்தலும்

மக்காக் பேரினத்தைச் சேர்ந்த குரங்குகளின் கூட்டம் உறவுடைய மந்திகளால் ஆனது. தாய், மகள், பெயர்த்தி என்னும் தாய்வழிக் கிளைகளே அக்கூட்டத்தின் நிலையான உறுப்புகள். கடுவன்கள் பருவமெய்தும் காலத்தில் வெளியேறி வேறு கூட்டங்களில் இடம்தேடுகின்றன. இலங்கையின் பொலன்னறுவையில் உல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இலங்கை மக்காக் குரங்கின் சமூக வாழ்வைத் தலைமுறைகளாகப் பின்தொடர்ந்து பதிவு செய்துள்ளது. நெருங்கிய உறவுகளுக்கிடையே இனச்சேர்க்கை நிகழ்வதைத் தவிர்க்கும் இயற்கையின் ஏற்பாடாகக் கடுவன்களின் வெளியேற்றம் கருதப்படுகிறது.

இதன் மரபியல் விளைவு தெளிவானது. மந்திகள் பெயராமையால் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டுக் காணப்படும். கடுவன்கள் பெயர்வதால் உட்கரு மரபணுக்கள் பரந்த நிலப்பரப்பில் கலந்து காணப்படும். ஒரே இனத்தின் இருவகை டி.என்.ஏ. இருவேறு படங்களைத் தருவதற்கு இதுவே காரணம். கடுவன்களின் வழி அடைபட்டால் இரண்டாவது படமும் முதலாவதைப் போலவே துண்டுபடத் தொடங்கும்.

எல்லாக் குரங்கினங்களிலும் கடுவனே பெயர்கிறது எனக் கொள்ளலாகாது. பிரேசிலின் முரிக்கி குரங்குகளில் மந்திகளே பிறந்த கூட்டத்தை விட்டு நீங்குகின்றன, கடுவன்கள் தங்கிவிடுகின்றன. எனவே எந்தப் பால் பெயர்கிறது என்பதை அறியாமல் எந்த இனத்துக்கும் பாதுகாப்புத் திட்டம் வகுத்தல் பொருந்தாது.

எத்தனை கடுவன்கள் வந்து சேர்ந்தால் போதும் என்னும் வினாவுக்கும் சீவல் ரைட்டின் கோட்பாடு ஒரு விடையை அளிக்கிறது. ஒரு தலைமுறைக்கு ஓர் உயிரி வெளியிலிருந்து வந்து இனம்பெருக்கினாலே இரண்டு கூட்டங்கள் முற்றிலும் வேறுபட்டுப்போவது பெருமளவு தடுக்கப்படும். கூட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வெண் மாறுவதில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். சிறிய கூட்டத்தில் மரபியல் நகர்வு விரைவாக நிகழ்கிறது. ஆனால் அங்கு வந்துசேரும் ஒரே உயிரி அக்கூட்டத்தின் பெரும்பங்காகவும் அமைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நடைமுறையில் வந்து சேர்ந்த கடுவன்கள் அனைத்தும் தந்தையாவதில்லை என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட வரவு தேவை என்பதே பாதுகாப்பு உயிரியலாளரின் பரிந்துரை.

4. இரண்டு தனிமைப்பட்ட கூட்டங்கள்: காயோ சாண்டியாகோவும் ஜிப்ரால்டரும்

தனிமைப்படுதல் எல்லா இடங்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. இதனை விளக்கும் இரண்டு கூட்டங்கள் மனிதரால் உருவாக்கப்பட்டவை. அவற்றின் தொடக்கம் ஆவணங்களில் பதிவாகியிருப்பதால் காட்டுக் கூட்டங்களைப் புரிந்துகொள்ள அவை அளவுகோலாகப் பயன்படுகின்றன.

போர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையருகே காயோ சாண்டியாகோ என்னும் சிறு தீவு உள்ளது. 1938இல் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்னும் அறிஞர் இந்தியாவிலிருந்து 409 ரீசஸ் குரங்குகளைக் கொண்டுசென்று அங்கு விடுவித்தார். அதன் பின்னர் மரபணு வளத்தைக் கூட்டும் பொருட்டு வெளியிலிருந்து குரங்குகள் சேர்க்கப்படவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக மூடுண்டு கிடந்த அவ்வினத்தொகையில் உட்கலப்பு மிகுந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் தலைமுறைகளின் பெற்றோர் வழியை மரபணு ஆய்வால் உறுதிசெய்து பார்த்தபோது உட்கலப்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது. தொடக்கத்தில் வந்தவை பல நூறாக இருந்தமை ஒரு காரணம். தீவினுள் பல கூட்டங்கள் உருவாகி, கடுவன்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிப் பெயர்ந்தமை மற்றொரு காரணம். எல்லை மூடப்பட்டிருந்தும் உள்வழிகள் திறந்திருந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஜிப்ரால்டர் பாறையில் வாழும் பார்பரி மக்காக் குரங்குகள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது அங்கு எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் குறைந்தன. அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்குமாறு அன்றைய பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆணையிட்டதும், வட ஆப்பிரிக்காவிலிருந்து குரங்குகள் கொண்டுவரப்பட்டதும் அறியப்பட்ட செய்தி. 2005இல் வெளிவந்த மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. ஆய்வு, அக்குரங்குகளில் அல்ஜீரிய வழியும் மொராக்கோ வழியும் இணைந்து காணப்படுவதை வெளிப்படுத்தியது. சிறிய கூட்டமாயினும் அதன் பன்முகத்தன்மை எதிர்பார்ப்பை விஞ்சியதாக இருந்தது. வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த சில குரங்குகள் ஒரே மூலத்திலிருந்து வந்த பல குரங்குகளைவிட மரபணு வளத்தை மிகுதியாகக் கொண்டுவர இயலும் என்பதற்கு இது சான்று.

இவ்விரு கூட்டங்களையும் ஒருங்கே நோக்கும்போது, தனிமையின் தீங்கைத் தீர்மானிப்பவை மூன்று கூறுகள் எனலாம்: தொடக்கத்தில் இருந்தவற்றின் எண்ணிக்கை, அவற்றின் மூலவேறுபாடு, உள்ளே கடுவன்கள் பெயர்வதற்குள்ள வாய்ப்பு. துண்டுக்காடுகளில் இம்மூன்றும் ஒருசேரக் குறைந்துவிடுகின்றன.

5. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கவால் குரங்கு

சோலைமந்தி எனவும் வழங்கப்படும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மழைக்காடுகளில் வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. காட்டில் வாழ்பவை 4,000க்கும் குறைவு எனவும், அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற 47 துணைத்தொகைகளாகச் சிதறியுள்ளன எனவும் அதன் மதிப்பீடு தெரிவிக்கிறது. 4,000 என்னும் எண் ஒரே இனத்தொகையாக இருந்தால் அச்சம் சற்றுக் குறையும். அதனை 47 துண்டுகளாகப் பகுத்துப் பார்க்கும்போதே உண்மை நிலை புலப்படும்.

இவ்வினத்தின் வாழ்வியல் இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது. கூட்டம் பொதுவாகப் பத்து முதல் இருபது வரையிலான குரங்குகளைக் கொண்டது. அதில் வளர்ந்த கடுவன் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். மந்தி முதற்குட்டியை ஈனப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளியும் நீண்டது. மரத்தின் உச்சிகளிலேயே வாழும் பழக்கமுடையதால் வெட்டவெளியைக் கடப்பது இதற்கு அரிது. வெடிப்பலா முதலிய மழைக்காட்டு மரங்களின் கனிகளையும் விதைகளையும் பெரிதும் சார்ந்து வாழ்வதால் காட்டின் தன்மை மாறினால் உணவும் குறைகிறது.

இவ்வினத்தின் மரபணு வரலாற்றில் இருவகைப் பிரிவுகளை வேறுபடுத்திக் காணவேண்டும். ஒன்று இயற்கையின் பழம்பிரிவு. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பெரும் இடைவெளி. அதன் வடக்கிலும் தெற்கிலும் வாழும் சிங்கவால் குரங்குகள் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அடிப்படையில் தொல்பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டன என ஆய்வுகள் காட்டுகின்றன. வடக்கே சிர்சி, ஹொன்னாவர், அமைதிப் பள்ளத்தாக்கு முதலியனவும், தெற்கே ஆனைமலை, களக்காடு முதலியனவும் இருவேறு வழிகளுக்கு உரியவை. இப்பிரிவு சிதைவு அன்று. காலம் உருவாக்கிய வேறுபாடு. அது காக்கப்பட வேண்டியது.

மற்றொன்று மனிதர் ஏற்படுத்திய அண்மைப் பிரிவு. ஆனைமலைத் தொடரில் அமைந்த வால்பாறைப் பீடபூமியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காபி, தேயிலைத் தோட்டங்கள் பரவத் தொடங்கின. தொடர்ந்து கிடந்த மழைக்காடு, தேயிலைப் பரப்பின் நடுவே சிறுசிறு துண்டுகளாக எஞ்சியது. குரங்கின் ஒரு தலைமுறையைப் பத்து ஆண்டுகளுக்குச் சற்று மிகுதியாகக் கொண்டால், அன்றுமுதல் இன்றுவரை கடந்தவை ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகள். முன்னர்க் காட்டிய பத்துத் தலைமுறைக் கணக்கு வெறும் பயிற்சிக் கணக்கு அன்று என்பது இதனால் விளங்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே காலத்தில் பிரிந்தவை அல்ல. சிலவற்றிடையே நிழல்மரங்களின் வழியே தொடர்பு நீடித்திருக்கவும் கூடும். எனினும் இழப்பு தொடங்குவதற்குரிய காலம் கடந்துவிட்டது.

வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் இச்சிக்கலின் நேர்ச்சான்றாக உள்ளது. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அத்துண்டுக்காட்டில் சிங்கவால் குரங்குகள் அண்மைப் பத்தாண்டுகளில் குறையாமல் பெருகி, நூற்றைக் கடந்துள்ளன. மரவுச்சியில் வாழ்ந்த இனம் இங்குத் தரையில் இறங்குகிறது; சாலையைக் கடக்கிறது; குடியிருப்புகளிலும் உணவு தேடுகிறது. எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர்க்கு இது மீட்சியாகத் தோன்றும். ஆனால் இப்பெருக்கத்தில் வெளிக்காடுகளின் மரபணுக்கள் எந்த அளவுக்குக் கலந்துள்ளன என்பதே அடிப்படை வினா. அங்குப் பிறந்த இளங்கடுவன் வெளியேற முயன்றால் அதன்முன் இருப்பவை தேயிலைப் பரப்பும் வாகனச் சாலையும். வண்டிகளில் அடிபட்டு இறக்கும் ஒவ்வொரு கடுவனும் ஓர் உயிரிழப்பு மட்டுமன்று. இரண்டு காடுகளை இணைத்திருக்கக்கூடிய ஒரு தொடர்பின் இழப்பும் ஆகும்.

6. இணைப்பை மீட்டல்: பிரேசிலின் பட்டறிவு

அறுந்த தொடர்பை மீண்டும் ஏற்படுத்த இயலுமா என்னும் வினாவுக்குப் பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காடுகளில் வாழும் பொன்னிறச் சிங்க டாமரின் பயனுள்ள விடை தருகிறது. ரியோ டி ஜெனிரோ மாநிலத்துக்கே உரிய இச்சிறு குரங்கு, காடழிப்பாலும் விற்பனைக்காகப் பிடிக்கப்பட்டமையாலும் 1970களில் சில நூறாகக் குறைந்தது. 1974இல் போசோ தாஸ் ஆந்தாஸ் காப்பகம் நிறுவப்பட்டது. 1984இல் உயிர்க்காட்சிச் சாலைகளில் பிறந்தவற்றைக் காட்டில் விடும் பணி தொடங்கியது. 1990களில் மிகச் சிறிய துண்டுக்காடுகளில் தனித்துக் கிடந்த ஆறு குடும்பங்களைச் சேர்ந்த 42 டாமரின்கள் பாதுகாப்பான வேறொரு காட்டுக்கு மாற்றப்பட்டன. 1998இல் அக்காடு உனியாவோ காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் இலக்கை வகுத்த முறையில் உள்ளது. வெறும் எண்ணிக்கை இலக்காக வைக்கப்படவில்லை. ஒன்றோடொன்று இணைந்த 25,000 எக்டேர் காட்டில் 2,000 டாமரின்கள் வாழவேண்டும் என இலக்கு வகுக்கப்பட்டது. மரபணுப் பன்முகத்தன்மை ஒரு நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் குறையாமல் இருக்க எத்தனை உயிரிகள் தேவை என்னும் கணக்கிலிருந்து பிறந்த எண் அது. இணைந்த காடு என்னும் நிபந்தனையே அதன் உயிர்நாடி. இணைப்பு ஏற்படுத்துவதற்காக மேய்ச்சல் நிலங்களின் குறுக்கே மரவழிகள் நடப்பட்டன. அகன்ற நெடுஞ்சாலை ஒன்றின் மேல் மரங்கள் நடப்பட்ட பாலம் 2020இல் அமைக்கப்பட்டது.

2014இல் ஏறத்தாழ 3,700 ஆக இருந்த டாமரின்கள், அடுத்துப் பரவிய மஞ்சள் காய்ச்சலால் 2,500 அளவுக்குச் சரிந்தன. பின்னர் 2023 கணக்கெடுப்பில் 4,800 அளவுக்கு உயர்ந்தன. ஒரே நோய் சில ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கை அழிக்க இயலும் என்பதும், காடுகள் இணைந்திருந்தால் எஞ்சியவை வெற்றிடங்களை நிரப்ப வழியுண்டு என்பதும் இதனால் பெறப்படும் படிப்பினைகள்.

7. தமிழக மலைகளுக்குரிய வழிமுறைகள்

மேற்கண்ட செய்திகளிலிருந்து சிங்கவால் குரங்கின் பாதுகாப்புக்கும், பொதுவாகக் குரங்கின மேலாண்மைக்கும் சில வழிமுறைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கணக்கெடுப்போடு மரபணுக் கண்காணிப்பும் இணைக்கப்பட வேண்டும். துண்டுக்காடு ஒவ்வொன்றிலும் சாண மாதிரிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சேகரித்தால், எக்கூட்டம் தனிமைப்பட்டுள்ளது, எக்கடுவன் வெளியிலிருந்து வந்தது என்பன தெரியவரும். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் போன்ற நிறுவனங்களில் இதற்குரிய ஆய்வுத்திறன் உள்ளது.

இரண்டாவது, கடுவன்களின் வழியை மீட்டல். வால்பாறையில் சாலைகளின் குறுக்கே மரவுச்சிகளை இணைக்கும் தொங்குபாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் மண்ணுக்குரிய மரங்களை வரிசையாக வளர்ப்பது இதனினும் நிலையான பயன் தரும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காகப் பெரிதும் நடப்படும் சில்வர் ஓக் மரம் மழைக்காட்டு உயிர்களுக்கு உணவு தருவதில்லை என்பதையும் கருதவேண்டும்.

மூன்றாவது, கடுவன்களைப் பிடித்து வேறு துண்டுக்காட்டில் விடுதல் இறுதி வழியாகவே கொள்ளத்தக்கது. நோய்ச்சோதனை செய்யாமலும், மரபு வழியை அறியாமலும் இதனைச் செய்தல் ஆகாது. பாலக்காட்டுக் கணவாயின் ஒருபுறத்துக் குரங்கை மறுபுறத்தில் விடுதல், காலம் உருவாக்கிய வேறுபாட்டை அழித்தல் ஆகும். உயிர்க்காட்சிச் சாலைகளில் வளர்க்கப்படும் சிங்கவால் குரங்குகளின் மூலத்தையும் இதே நோக்கில் மரபணுவழி உறுதிப்படுத்த வேண்டும்.

நான்காவது, நாட்டுக்குரங்குகளைப் பற்றியது. ஊர்களில் தொல்லை தருவதாகக் கருதப்படும் நாட்டுக்குரங்குகளைப் பிடித்துத் தொலைவிலுள்ள காடுகளில் விடும் வழக்கம் உள்ளது. தென்னிந்தியாவில் இவ்வினத்துக்கு இரண்டு துணையினங்கள் உள்ளன. மூலமறியாமல் இடமாற்றுவதால் அவற்றிடையேயான வேறுபாடு குலைவதோடு, ஊர்ப்புற நோய்கள் காட்டுக் கூட்டங்களுக்குப் பரவவும் வாய்ப்புண்டு. எண்ணிக்கையில் மிகுந்த இனம் என்பதனால் அதன் மரபணு வரலாற்றைப் பொருட்படுத்தாமல் விடுதல் முறையன்று.

முடிவுரை

காட்டுக் குரங்கினங்களின் மரபணுப் பன்முகத்தன்மை அவற்றின் எண்ணிக்கையால் மட்டும் காக்கப்படுவதன்று. காயோ சாண்டியாகோ தீவில் எல்லை மூடப்பட்டும் கடுவன்கள் பல கூட்டங்களிடையே பெயர்ந்தமையால் உட்கலப்பு தவிர்க்கப்பட்டது. ஜிப்ரால்டரில் சிறு கூட்டமும் மூலவேறுபாட்டால் வளம்பெற்றது. பிரேசிலில் இணைந்த காடு என்பதே இலக்காக வகுக்கப்பட்டது. மூன்றும் ஒரே முடிவைச் சுட்டுகின்றன: தந்தையாகும் கடுவன்களின் எண்ணிக்கையும் அவற்றின் வரவுமே மரபணு வளத்தின் ஊற்று.

சிங்கவால் குரங்கைப் பொறுத்தவரை பழம்பிரிவைக் காப்பதும் புதுப்பிரிவை நீக்குவதும் ஒருங்கே செய்யப்பட வேண்டியவை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு மரபணு ஆய்வைத் தவிர வேறு வழியில்லை. துண்டுக்காட்டில் குரங்குகள் பெருகிவிட்டன என்னும் செய்தி வரும்போதெல்லாம், அப்பெருக்கத்துக்குத் தந்தையானவை எத்தனை, அவை எக்காட்டில் பிறந்தவை என்னும் வினாக்களும் உடன் எழுப்பப்பட வேண்டும். அவ்வினாக்களுக்கு விடையளிக்கும் தரவுகளைத் துண்டுதோறும் திரட்டுவதே இத்துறையில் ஆய்வாளர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.